பிளஸ் டூ முடிவு வந்த பிறகா? மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் உங்கள் அறை வாசலில் நிற்கும் பெற்றோரில் சிலர், “பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கலாமா சார்?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். சின்ன ஊர்களிலும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதை ஏறக்குறைய ஒன்றரை வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். அந்த மே மாதத்துக்குள் எவையெல்லாம் முடிந்துபோயிருக்கும் என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவ, பல் மருத்துவ, கால்நடை மருத்துவப் படிப்புகள் ஆகியவற்றுக்குக் கடைசி நாள் முந்தைய அக்டோபர் 15. அந்நாட்டின் மற்றப் படிப்புகளுக்கு எல்லா விண்ணப்பங்களையும் சமமாகப் பார்க்கும் கெடு ஜனவரியோடு முடிகிறது. அமெரிக்காவில் முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் 1 அல்லது 15, வழக்கமான சுற்றுக்குப் பெரும்பாலும் ஜனவரியின் முதல் இரண்டு வாரங்கள். முடிவு மார்ச் கடைசியில் வரும். இடம் கிடைத்தவர்கள் சேர்வதாகச் சொல்ல மே 1 வரை நேரம். நம் பிள்ளைகள் வேதியியல் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே அங்கே இடமும் உதவித்தொகையும் பங்கிட்டு முடிந்துவிடுகின்றன.

மே மாதத்திலும் சில கதவுகள் திறந்திருக்கும். பிரிட்டனில் இடம் மிச்சமுள்ள படிப்புகளுக்கு ஜூன் 30 வரை வழக்கமான முறையிலேயே விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவுக்கும் நேரம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் பெற்றோருக்கு முதலில் கிடைக்கும் ஆலோசகர், சேர்க்கைக்குக் கல்லூரியிடமே கமிஷன் வாங்கும் ஏஜென்ட். அவர் கையில் எந்தக் கல்லூரி இருக்கிறதோ அதைத்தான் காட்டுவார். பிள்ளைக்கு அது பொருந்துமா என்று பார்த்துச் சொல்ல அப்போது வேறு ஆள் இருப்பதில்லை. அந்த ஆளாகப் பள்ளி இருக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை நான்கு சங்கதிகள் தீர்மானிக்கின்றன. போக நினைக்கும் நாடு நம் பிளஸ் டூ சான்றிதழை எந்த அளவுக்கு ஏற்கிறது, பிள்ளையின் வயது, கையில் உள்ள காகிதங்கள், வீட்டுப் பணம் ஆகியவையே அவை. நான்கும் ஒரே நேரத்தில் தயாரானால் பிளஸ் டூவோடு போகலாம். ஒன்று மட்டும் குறைந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளலாம். இரண்டு குறைந்தால் இங்கே பட்டம் முடித்துவிட்டுப் போவதே நல்லது என்பது எங்கள் திடமான கருத்து.

காகிதத்தில் தொடங்குகிறோம், ஏனென்றால் அது முழுக்கப் பள்ளியின் கையில் இருக்கிறது. 2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்தில் இதற்கு ஒரு விளைவு உண்டு. பிளஸ் டூ படிக்கும்போது ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் இதுவரை அரசுத் தேர்வுத் துறை கொடுத்த பிளஸ் ஒன் மதிப்பெண் இருந்தது. இனி அரசு முத்திரையோடு இருக்கப்போவது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும். மற்றதெல்லாம் பள்ளி எழுதித் தரும் பதிவுதான். உங்கள் பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வின் மதிப்பெண் பதிவேடு இப்போது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மேசைக்குப் போகும் ஆவணம். அது அப்படிப்பட்ட ஆவணமாகவே பராமரிக்கப்பட வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருட மதிப்பெண்களைக் கேட்கும். பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பதிவேடு இரண்டு வருடத்தில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. அதைத் தடுத்து நிறுத்துங்கள். மதிப்பெண் பட்டியல் ஆங்கிலத்தில், பள்ளியின் முகப்புத் தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் பாடம், உச்ச மதிப்பெண், பெற்ற மதிப்பெண், தேர்ச்சிக்கு 35 என்ற குறிப்பு, கையெழுத்து, முத்திரை, தேதி ஆகியவை வேண்டும். நூற்றுக்கு 92 வாங்கியிருந்தால் 92 என்றே எழுதுங்கள். அதை அமெரிக்க முறைப்படி நான்குக்கு இத்தனை என்று நாமாக மாற்றிப் போடுவது தவறு. நம் வாரியத்தின் மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்குத் தெரியும், நாம் மாற்றினால் சந்தேகம்தான் வரும். பட்டியலோடு ஒரு பக்கத்தில் பள்ளியைப் பற்றிய குறிப்பும் போக வேண்டும். எந்த வாரியம், எந்த மொழியில் பாடம் நடக்கிறது, பிளஸ் டூவில் எத்தனை மாணவர், எந்தெந்தப் பிரிவுகள், கடந்த ஆண்டு பள்ளிச் சராசரி என்ன என்பவை போதும். அரசுப் பள்ளியில் சராசரி 600க்கு 380 இருக்கும் இடத்தில் ஒரு பிள்ளை 540 வாங்குகிறாள் என்றால் அந்த எண்ணின் மதிப்பு இந்தக் குறிப்பு இல்லாமல் யாருக்கும் புரியாது.

அடுத்தது எதிர்பார்ப்பு மதிப்பெண். பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பிப்பதால், பிள்ளை எவ்வளவு வாங்குவாள் என்று பள்ளி எழுதித் தர வேண்டும். இதில் இரண்டு விதமாகப் பிழை நடக்கிறது. பாசத்தில் எல்லாருக்கும் 590 போடுகிறார்கள். அதை நம்பிப் பல்கலைக்கழகம், “இயற்பியலில் 95 வாங்கினால் இடம்” என்று நிபந்தனையோடு கடிதம் தரும். மே மாதம் 88 வந்தால் இடம் போய்விடும், அதற்குள் வேறு வாய்ப்புகளும் மூடியிருக்கும். இன்னொரு பக்கம் எச்சரிக்கையான ஆசிரியர் காலாண்டு மதிப்பெண்ணையே அப்படியே எழுதுகிறார். காலாண்டில் நம் ஆசிரியர்கள் கடுமையாகத் திருத்துவது வழக்கம் என்பது அயல்நாட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? நல்ல பிள்ளைக்கும் அழைப்பு வராது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் பள்ளியில் ஒவ்வொரு பாடத்திலும் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கும் பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையே சராசரியாக எவ்வளவு இடைவெளி இருந்தது என்று கணக்கிடுங்கள். இந்த ஆண்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு அந்த இடைவெளியைக் கூட்டுங்கள். பாட ஆசிரியர்கள் இருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பின் எழுதுங்கள். அரை நாள் வேலை, பிள்ளையின் ஒரு வருடம் அதில் இருக்கிறது.

எல்லாப் பாடங்களின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் தமிழ் போன்ற வட்டார மொழி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்காமல், மற்றப் பாடங்களில் சிறந்த நான்கின் சராசரியைப் பார்க்கின்றன. தமிழில் 98 வாங்கி மொத்தத்தை உயர்த்திய பிள்ளைக்கு அங்கே சராசரி குறையும். மாநில வாரியத்துக்கு எத்தனை சதவீதம் கேட்கிறார்கள் என்பதும் ஒவ்வோர் இடத்துக்கும் மாறும். இந்திய மாணவருக்கான பக்கத்தை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே திறந்து பார்த்தபின்தான் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பிளஸ் ஒன் பிரிவு எடுக்கும் ஜூன் மாதத்தை நாம் வெளிநாட்டுப் படிப்போடு சேர்த்து யோசிப்பதில்லை. உண்மையில் முதல் முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. பொருளாதாரம், கணினி அறிவியல், பொறியியல் போன்றவற்றுக்குக் கணிதம் கட்டாயம் என்று கேட்கும் இடங்கள் ஏராளம். வணிகக் கணிதத்தை அதற்கு ஈடாக ஏற்காத இடங்களும் பல. “கணக்கு கஷ்டம்” என்று அன்றைக்கு விட்ட பிள்ளைக்குப் பதினெட்டு மாதம் கழித்து எந்த ஆலோசகராலும் கணிதத்தைச் சேர்த்துக் கொடுக்க முடியாது.

பெயர் விஷயத்தை நாங்கள் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. பள்ளியில் பெயர் “கவிதா எஸ்”. பாஸ்போர்ட்டில் எஸ் என்ற முன்னெழுத்து விரிக்கப்படும். அங்கே இரண்டு கட்டங்கள், இட்ட பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று. சிலர் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா தரும்போது, கவிதா என்பது குடும்பப் பெயராகி, இட்ட பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “பெயர் தெரியவில்லை” என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அந்த எழுத்துகள் பின்தொடரும். எனவே தந்தை பெயரையோ தாய் பெயரையோ குடும்பப் பெயர் கட்டத்தில் முழுதாகப் போட்டுவிடுவது நல்லது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தை செல்வராஜ், ஆதாரில் செல்வராஜு, பிறப்புச் சான்றிதழில் செல்வராசு என்று மூன்று விதமாக இருந்தால் ஒன்றைத் திருத்தவே மாதக்கணக்காகும். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் பத்தாம் வகுப்பில் மேலே அனுப்பப்படுகிறதல்லவா, அதற்கு முன் ஒன்பதாம் வகுப்பு இறுதியிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியல் போவதற்கு முன் ஒரு பேனாவால் தீரும் விஷயம், போனபின் தேர்வுத் துறை அலுவலகத்துக்கு அலைய வேண்டியதாகிறது.

பாஸ்போர்ட் எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கு அல்லது பதினெட்டு வயது நிறையும் வரை, எது முன்னே வருகிறதோ அதுவரைதான் செல்லும். பதினான்கு வயதில் எடுத்த பிள்ளைக்கு, வெளிநாட்டில் முதல் ஆண்டு படிக்கும்போது அது காலாவதியாகும். பதினைந்து வயது முடிந்தவர்கள் பத்து ஆண்டு பாஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய்க்குப் பதில் 1,500 ரூபாய், அவ்வளவுதான் வித்தியாசம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை இதற்குச் சரியான நேரம்.

ஆங்கிலத் தேர்வு இதற்கு நேர்மாறானது, முந்திக்கொண்டால் கெடும். ஐ.இ.எல்.டி.எஸ், டோஃபெல் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஆர்வத்தில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, பிளஸ் டூ முடித்துச் செப்டம்பரில் சேரும்போது அது காலாவதியாகியிருக்கும். பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு முடிந்து பிளஸ் டூ சூடு பிடிப்பதற்கு முன், ஏப்ரல் முதல் ஜூலைக்குள் எழுதுவது நல்லது. தேவைப்பட்டால் மறுபடி எழுத ஆகஸ்ட் இருக்கும். தேர்வு மையத்தில் பாஸ்போர்ட் கேட்பார்கள், பதிவு செய்த பெயர் அதில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பேசும் பகுதியில் தடுமாறுவது இயல்பு. அவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி வேண்டும், கடைசி ஒரு மாதத்தில் முடியாது. அமெரிக்க இளநிலைச் சேர்க்கைக்கான சாட் என்ற நுழைவுத் தேர்வு 1600 மதிப்பெண்ணுக்கு, முழுக்கக் கணினியில். அதையும் பிளஸ் டூ தொடங்கும் காலத்திலேயே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு முன்கூட்டி என்று கேட்கலாம். பிளஸ் டூ வகுப்பின் நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு. வெளிநாட்டுக் கெடுக்கள் அக்டோபர் 15, நவம்பர் 1, ஜனவரி 1 என்று இவற்றின் இடுக்கில்தான் வருகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பொதுவான விண்ணப்பப் படிவம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். செப்டம்பர் முடிவதற்குள் தேர்வு மதிப்பெண், விண்ணப்பத்தோடு எழுத வேண்டிய கட்டுரையின் முதல் வரைவு, எட்டுப் பத்துப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் மூன்றும் கையில் இல்லாத பிள்ளையை அந்த ஆண்டு விண்ணப்பிக்கச் சொல்லாதீர்கள். அரையாண்டுத் தேர்வுக்கு நடுவே இரவில் கட்டுரை எழுதி, இரண்டையும் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளே அதிகம். பொதுத்தேர்வு மதிப்பெண் கெட்டால் இங்கே உள்ள இடமும் போகும்.

பரிந்துரைக் கடிதம் பற்றிச் சுருக்கமாக. ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அந்தப் பிள்ளை வகுப்பில் கேட்ட ஒரு கேள்வி, செய்த ஒரு பிழை, அதைத் திருத்திக்கொண்ட விதம் என்று ஆசிரியர் நேரில் பார்த்ததை எழுதினால் ஒரு பக்கம் போதும். கடிதத்தை ஆசிரியரே அனுப்ப வேண்டும், மாணவரின் மின்னஞ்சலிலிருந்தோ அவர் உட்காரும் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்தோ போகக் கூடாது. பள்ளிக்கென்று ஒரு நிலையான மின்னஞ்சல் முகவரி வைத்து, தலைமை ஆசிரியர் மாறினாலும் அது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அரையாண்டு மதிப்பெண்ணை ஜனவரி, பிப்ரவரியிலும் இறுதி மதிப்பெண்ணைக் கோடையிலும் அதே வழியில் மறுபடி கேட்கும்.

இனி வயது. ஐந்து வயது நிறைந்து ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பதினேழில் பிளஸ் டூ முடிக்கிறது. 2009 ஜனவரியில் பிறந்து 2026 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு அந்தச் செப்டம்பரில் பதினேழு வருடம் எட்டு மாதம். சட்டப்படி மைனர். பிரிட்டனின் மாணவர் விசாவுக்குப் பதினாறு வயது போதும் என்றாலும், பதினெட்டு ஆகாதவருக்குப் பயணத்துக்கும் அங்கே தங்கும் ஏற்பாட்டுக்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கனடாவில் பதினேழு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அங்கேயே வாழும் ஒரு பாதுகாவலர் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் பதினெட்டு நிறையும்வரை தங்குமிடம், பராமரிப்பு இரண்டுக்கும் ஏற்பாடு இருப்பதைக் காட்ட வேண்டும், அதற்கென்று தனிச் செலவு உண்டு. அதே ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டின் முதல் பருவம் பிப்ரவரி கடைசியில் தொடங்குகிறது. ஜூலையில் அவசரமாக அனுப்பாமல் அடுத்த பிப்ரவரியில் அனுப்பினால், நாம் சொன்ன ஜனவரிப் பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்திருக்கும், அசல் மதிப்பெண் சான்றிதழ் கையில் இருக்கும், பணம் சேர்க்க எட்டு ஒன்பது மாதம் கிடைத்திருக்கும். தனக்குச் சமைக்க, துணி துவைக்க, காய்ச்சல் வந்தால் தனியாக மருத்துவரைப் பார்க்கப் பழகிக்கொள்ளவும் அந்த மாதங்கள் உதவும். இந்த வயது விஷயத்தைப் பெற்றோரிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நாடு எது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகவே மாறும். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு நிதி உதவி வேண்டும் என்றால் முதலாண்டு மாணவராக, முதல் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். இங்கே ஒரு வருடம் பொறியியல் படித்துவிட்டு மாற்றலாகிப் போகிறவருக்கு உதவி கிடைப்பது மிகவும் அரிது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சில இடங்களே வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் முழுத் தொகையையும் தருகின்றன. மற்ற இடங்களில் உதவி கேட்பதே சேர்க்கையைக் கடினமாக்கும். எனவே அமெரிக்கா என்று உறுதியாக இருக்கும் ஏழைப் பிள்ளைக்கு நல்ல விண்ணப்பம் தயாராகவில்லை என்றால், கல்லூரியில் சேராமல் ஒரு வருடம் ஒதுக்கி, அந்த வருடத்தில் என்ன செய்தாள் என்று காட்டும்படி ஒரு வேலையிலோ பயிற்சியிலோ இருந்து, மறுபடி விண்ணப்பிப்பது பொருள் உள்ள முடிவு.

ஜெர்மனிக்கு இது பொருந்தாது. நம் பிளஸ் டூ மட்டும் இருந்தால் அங்கே இளநிலைப் படிப்பில் பொதுவாக நேரடியாகச் சேர முடியாது. ஐ.ஐ.டி நுழைவுத் தேர்வான ஜே.இ.இ அட்வான்ஸ்டில் தேர்ச்சி இருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற இந்தியப் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் ஒரு வருடம் தேர்ச்சியுடன் முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஆயத்தப் படிப்பு. இங்கே ஒரு வருடம் படிப்பது அங்கே இழப்பாகாமல் தகுதியாகிறது. துறை மாறினால் அந்தத் தகுதி செல்லாது, இயந்திரவியல் படித்தவர் உளவியலுக்குப் போக முடியாது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் விசாவுக்கு ஏ.பி.எஸ் என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் கட்டாயம். குளிர்காலப் பருவத்துக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி நாள், ஆகவே ஏ.பி.எஸ்ஸுக்கு அதற்கு நான்கைந்து மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கு ஒரு வருடத்துக்கு 11,904 யூரோவை, மாதத்துக்குக் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். ஆரம்பநிலையான ஏ1இலிருந்து மேல் இடைநிலையான பி2 வரை வர ஒன்றேகால் வருடமாவது வேண்டும். ஜெர்மனியை நினைக்கும் பிள்ளை பிளஸ் ஒன்னிலேயே ஜெர்மன் மொழி கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ அதன் இணையவழி வகுப்பிலோ சேர்ந்திருக்க வேண்டும்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. இளநிலைக்கு முழுக் கட்டணமும் மாதச் செலவும் தருகிறார்கள். முதல் ஒரு வருடம் மொழி கற்பித்த பிறகே பாடம் தொடங்கும். தூதரகம் வழியாகக் கோடையில் விண்ணப்பித்துக் கணிதம், அறிவியல், ஆங்கிலம், ஜப்பானிய மொழித் தேர்வுகள் எழுதித் தேர்வானவர்கள் அடுத்த ஏப்ரலில்தான் புறப்படுவார்கள். மே மாதத்தில் விழித்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் பொருந்துகிற அரிதான வழி இது.

மருத்துவம் என்றால் எந்த நாடாக இருந்தாலும் முதலில் நீட் தகுதி. அது இல்லாமல் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ் முடித்தவர் இங்கே தொழில் செய்ய முடியாது. 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி எல்லாம் வேண்டும். நீட் தகுதி வெளிநாட்டுச் சேர்க்கைக்கு மூன்று ஆண்டுகள் செல்லும். ஆகவே ஜூன் மாதமே முன்பணம் கட்டு என்று விரட்டுகிறவரிடம் அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வோம். கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். விவசாய நிலத்தை ஈடாக ஏற்பதில்லை என்று பல வங்கிகள் சொல்லிவிடும். வீடு என்றால் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீலின் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் சேர ஒன்றரை மாதம். சொத்து தாத்தா பெயரிலோ அண்ணன் தம்பி கூட்டாகவோ இருந்தால் அதைவிட நீளும். பெற்றோரின் வருமான வரிக் கணக்கு இரண்டு மூன்று வருடத்துக்குக் கேட்பார்கள், பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே தாக்கல் செய்யத் தொடங்கினால்தான் பிளஸ் டூ முடியும்போது கையில் இருக்கும். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பதை வட்டி இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். பதினெட்டு நிறையாத பிள்ளை கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது என்பதால் முழுப் பொறுப்பும் பெற்றோர் மேல்.

பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும், அந்த 28 நாள் முடிந்த 31 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு. செப்டம்பர் நடுவில் வகுப்பு என்றால் ஜூலை நடுவிலேயே பணம் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் நகையை அடகு வைத்துக் கொண்டுவரும் பணம் உதவாது. நாடுகளின் விதிகளும் முன்னறிவிப்பின்றி மாறுகின்றன. கனடா 2024 நவம்பர் 8 அன்று மாணவர்களுக்கான விரைவு விசா முறையை ஒரே நாளில் நிறுத்தியது. 2025 மே இறுதியில் அமெரிக்கத் தூதரகங்கள் புதிய மாணவர் நேர்காணல்களுக்குச் சில வாரம் தேதியே தரவில்லை. இரண்டு மாதம் கூடுதலாக வைத்துக்கொண்டவர்கள் மட்டும் இதைத் தாங்கினார்கள்.

நம் அரசுகளின் பணம் பெரும்பாலும் பட்டத்துக்குப் பிறகான படிப்புக்கே. ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகை, பட்டியல் சாதி, சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பப் பிள்ளைகளுக்கு முதுநிலை, முனைவர் படிப்புக்குத் தரப்படுகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள், வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் மேற்படிப்புக்கானதே. இந்த வீடுகளின் பிள்ளைகளைப் பதினேழு வயதில் கடனில் தள்ளாமல், இங்கே நல்ல கல்லூரியில் பட்டம் முடித்து அரசுச் செலவில் போக வழி சொல்வது உங்கள் கடமை. அரசு மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள் முழு உதவித்தொகையுடன் தைவானுக்குப் போனதுபோன்ற நல்ல விதிவிலக்குகள் வந்தால் தனி. பட்டத்துக்குப் பிறகு என்று முடிவு செய்யும்போதும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். மூன்று வருட பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களுக்கு மொத்தம் பதினைந்து வருடக் கல்விதான் ஆகிறது. பிரிட்டன் ஏற்கும், ஆனால் அமெரிக்காவின் பல முதுநிலைத் துறைகள் பதினாறு வருடம் கேட்கும். எந்தக் கல்லூரியில் எத்தனை வருடப் படிப்பு என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு இடம் உறுதியான பிள்ளையும் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிடட்டும். விசா வரும்வரை எதுவும் நிச்சயமில்லை. சேர்ந்தபின் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்காமல் இருக்கவும் பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது, பெற்றோருக்கு அது தெரியாது. டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழ்களையும் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிபந்தனை மதிப்பெண்ணுக்கு இரண்டு மூன்று குறைந்திருந்தால், விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் தேர்வுத் துறை தரும் சில நாள் அவகாசத்துக்குள் விண்ணப்பித்து, அதைப் பல்கலைக்கழகத்துக்கு அன்றே எழுதிவிட வேண்டும். முடிவு வரும்வரை காத்திருப்பார்களா என்று கேட்டால் காத்திருக்கும் இடங்கள் உண்டு. சொல்லாமல் இருந்தால் இடம் தானாகவே ரத்தாகும்.

உங்களிடம் கேட்பவை இவ்வளவே. வரும் ஜனவரியில், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெற்றோருக்காக ஒரு சனிக்கிழமை காலை ஒதுக்குங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்தபின், பிளஸ் ஒன் பிரிவு, வயது, பணம், நாடு ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதவைத்து ஒரு நகலைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரலில் அதே தாளை மறுபடி எடுத்து, பிளஸ் டூவோடா, அடுத்த பிப்ரவரியா, பட்டத்துக்குப் பிறகா என்று பெற்றோரும் பிள்ளையும் வகுப்பாசிரியரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். முடிவு வெளியாகும் மே மாதத்தில் பள்ளி வளாகத்துக்குள் எந்த ஏஜென்டுக்கும் மேசை போட இடம் தராதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டை இந்த வாரமே பீரோவில் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உயர்கல்வி வழிகாட்டுதலில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்கள்